ஐந்து மாத ராஜபாளையம் குட்டி ஒல்லியாக இருக்கிறது, கால்சியம் கொடுக்கலாமா?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் ஐந்து மாத ராஜபாளையம் ஆண் குட்டி ஒன்று இருக்கிறது. காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் கோழிக்கறி பிசைந்த சோறு, இரவில் கடையில் வாங்கும் குட்டித் தீவனம். நன்றாக ஓடி விளையாடுகிறது, ஆனால் உடம்பு வைக்கவில்லை, கடைசி விலா எலும்புகள் தெரிகின்றன. பக்கத்து வீட்டு ராட்வைலர் குட்டி அதே வயதில் ஒன்றரை மடங்கு இருக்கிறது. முன்கால் மணிக்கட்டு இரண்டும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. எலும்பு கனக்க வேண்டும் என்று மாமா ஒருவர் கால்சியம் டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணாச்சி, இதைக் கொடுக்கலாமா? தினமும் பைக்கோடு ஓடவிட்டால் நெஞ்சு அகலுமா? எப்போது முழு நாயாகும்? ஒரு வயதானதும் இனச்சேர்க்கைக்கு விடச் சொல்லி இப்போதே ஒருவர் கேட்கிறார், விடலாமா?" என்கிறார்.

தம்பி, முதலில் அந்த டானிக் பாட்டிலை அலமாரியில் ஏற்றி வையுங்கள். மாமா கேட்டால் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், உறவு கெட வேண்டாம்.

நம் பக்கத்தில் பெரிய நாய் வளர்ப்பவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை இது. காது நிற்கவில்லையா, கால்சியம். கால் வளைகிறதா, கால்சியம். பல் விழுகிறதா, அதற்கும் கால்சியம். குட்டியின் குடல் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இதில் உள்ள ஆபத்து புரியும். வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிவோடு அனுப்பிவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. ஏறத்தாழ ஆறு மாதம் வரை, உள்ளே போகும் கால்சியத்தில் பெரும்பங்கை வேண்டுமோ வேண்டாமோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்படிச் சேரும் மிகுதி, எலும்பின் முனையில் குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறும் வேலையைக் குழப்புகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகையாகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குட்டிகளுக்குத்தான் எலும்பு வளர்ச்சியில் கோளாறு வந்தது. எலும்பு பலப்பட வேண்டும் என்று கொடுப்பது எலும்பையே கெடுத்துவிடும் என்பதை அதற்குப் பிறகு மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தில் ஈரம் நீக்கிய எடைக்கு 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தீவன விதி உச்சவரம்பே வைத்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தீவனமே போடாமல் சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் மட்டும் கொடுத்து வளர்த்தால் கால்சியம் நிச்சயமாகப் போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியம் இறங்க விடாமல் உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். அத்தகைய குட்டி கொஞ்சம் குதித்தாலும் எலும்பு முறியலாம். இந்த இரண்டு கனிமங்களும் ஒன்றுக்கொன்று ஒரு கணக்கில் இருக்க வேண்டும். கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் நல்லது. ஸ்பூன் கணக்கில் ஊற்றும் டானிக்கால் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. உங்கள் குட்டிக்கு எளிய வழி, பெரிய இனக் குட்டிகளுக்கு என்று தனியாகக் குறிப்பிட்டு விற்கும் தீவனத்தையே சாப்பாட்டின் பெரும்பகுதியாக வைப்பது. சோறும் கறியும் அதற்குத் துணையாக இருக்கட்டும். மாற்றுவதை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், இல்லையென்றால் வயிற்றால் போகும். வீட்டுச் சமையலிலேயே வளர்ப்பேன் என்பவர் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு எழுதி வாங்கிச் செய்யட்டும்.

எடைக்கு வருகிறேன். ராட்வைலரையும் ராஜபாளையத்தையும் பக்கத்தில் நிறுத்தி எடை பார்ப்பதே தப்பு. வளர்ந்த ஆண் ராட்வைலர் ஐம்பது கிலோவைத் தொடும் இனம், அகன்ற சட்டம். ராஜபாளையம் தோள்பட்டை அளவில் 65 முதல் 75 செ.மீ. உயரம் நிற்கும். நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. அதன் அழகே அந்தக் கட்டுதான். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பெற்ற நான்கு இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், அதில் தொப்பை இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

ஒல்லியா, பட்டினியா என்பதைக் கையால் பார்க்க வேண்டும். உங்கள் கையை விரித்து நீட்டிப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும். குட்டியின் விலாவைத் தடவினால் அப்படி இருக்க வேண்டும். முஷ்டி மடக்கிய கணுக்களைப் போலத் துருத்தினால் மெலிவு, உள்ளங்கையைப் போல மெத்தென்றிருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்குத் தெரிவது இந்த இனத்தில் குறையே இல்லை. முதுகுத் தண்டும் இடுப்பெலும்பும் முட்டிக்கொண்டு தெரிந்தால், ரோமம் மங்கிப் போயிருந்தால், வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதில் மாதம் ஒரு முறை பூச்சி மருந்து போக வேண்டும்.

குட்டியைக் கொழுக்க வைப்பது பாசம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்ற கூட்டம் சராசரியாக 13 வயது வரை இருந்தது, மற்றது 11 வயதைச் சற்றுத் தாண்டியது. ஒல்லியாக வளர்ந்தவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. வேகமாக எடை ஏறும் குட்டியின் இளம் எலும்பு தாங்க வேண்டியதற்கு மேல் தாங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். அளவாகத் தின்றால் நாய் குள்ளமாகிவிடாது. எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பது பரம்பரையில் இருக்கிறது. அதிகம் போட்டால் அந்த உயரத்தைச் சீக்கிரம் தொடும், உயரம் கூடாது.

இனி வளர்ச்சிக் கணக்கு. பெரிய இனத்துக் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்றாவது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும், பால் பல்லும் எட்டிப் பார்க்கும். மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைதான் உலகம் எப்படிப்பட்டது என்பதைக் குட்டி படிக்கும் காலம். நான்கைந்து மாதத்தில் வளர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதியை எட்டிவிடும். உங்கள் குட்டி இப்போது நிற்கும் இடம் அது. பத்து பன்னிரண்டு மாதத்தில் உயரம் பெரும்பாலும் முடிந்துவிடும், ஆனால் எலும்பின் முனைகள் மூடுவதற்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதன் பிறகுதான் நெஞ்சு அகலும், கழுத்து தடிக்கும், தலைக்கு உருவம் வரும். அது இரண்டு வயது வரை போகும். பொமரேனியன் எட்டு பத்து மாதத்தில் முழு நாயாகிவிடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மந்தமாகத் தெரியும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்கள் இதைவிடவும் மெதுவாக வளரும்.

எட்டாவது மாதத்திலிருந்து பதினான்காவது மாதம் வரை உங்கள் நாயைப் பார்ப்பவர்கள் எல்லாம் முகம் சுளிப்பார்கள். கால் மட்டும் நீண்டு, பின்பாகம் முன்பாகத்தைவிட உயர்ந்து, எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடக்கும். "தீனி போடுகிறீர்களா இல்லையா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் தீனியைக் கூட்டிவிடாதீர்கள்.

மணிக்கட்டுப் புடைப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருப்பது வளர்ச்சித் தட்டு. நீண்ட எலும்புகள் நடுவில் நீள்வதில்லை, முனைகளில் உள்ள இந்தக் குருத்தெலும்பு அடுக்கில்தான் நீள்கின்றன. பெரிய இனக் குட்டிகளின் முன்காலில் அது வெளியே தெரியும் அளவுக்குப் பருத்திருக்கும். உட்கார வைத்து இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவா? ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா? கட்டை விரலால் மெல்ல அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறதா, நாக்கால் உதட்டை நக்குகிறதா? ஒரே அளவில், சூடில்லாமல், வலியில்லாமல் இருந்தால் அது வளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் என்றாலோ, சூடும் காய்ச்சலும் சேர்ந்திருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

முன்கால்களில் அருகருகே இரண்டு எலும்புகள் ஓடுகின்றன. அவற்றில் வெளிப்பக்க எலும்பின் நீளத்தில் மிகப் பெரும்பங்கு மணிக்கட்டின் பக்கத்துத் தட்டு ஒன்றிலிருந்தே வருகிறது. அந்தத் தட்டு கூம்பு வடிவம். மொட்டைமாடிப் படியிலிருந்தோ காம்பவுண்டுச் சுவரிலிருந்தோ குதித்து அங்கே அடிபட்டால் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். ஒரு எலும்பு நின்றுவிட, மற்றது வளர்ந்துகொண்டே போகும். கால் வில்லாக வளைந்து பாதம் வெளியே திரும்பிவிடும். அடிபட்ட அன்று நொண்டல்கூடச் சரியாகிவிடும். வளைவு தெரிய வாரக்கணக்கில் ஆகும். டானிக் கொடுத்து நிமிர்த்தலாம் என்று காத்திருந்து கெட்ட கால்கள் பல.

இளவெயிலில் கட்டிப் போட்டால் எலும்பு பலப்படும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கைக்குழந்தைக்குச் சரி. மனிதத் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கும், நாயின் தோலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். முட்டை, கொஞ்சம் ஈரல், முள் நீக்கிய சாளை மீன் இவற்றில் இருக்கிறது, நல்ல தீவனத்திலும் இருக்கிறது. தனியாக மீன் எண்ணெயும் மாத்திரையும் சேர்த்து அதையும் மிகையாக்க வேண்டாம். காலை வெயிலில் அவன் படுத்துக்கொள்ள ஆசைப்பட்டால் படுத்துக்கொள்ளட்டும். சித்திரை வைகாசி வெயிலில் மட்டும் ஒன்பது மணிக்கு மேல் நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் கட்டாதீர்கள்.

காலைப் பாலும் பிஸ்கட்டும் எதற்கு? பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும்தான். பால் சில குட்டிகளுக்குக் கழிச்சலைக் கொடுக்கும். பாலுக்குப் பதில் கொஞ்சம் மோர் ஊற்றிய கம்பங்கூழோ வேகவைத்த முட்டையோ நல்லது. வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். மிஞ்சிய பிரியாணி, சால்னா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை, ஆயுள் முழுக்க இரண்டு வேளை. நெஞ்சு ஆழமான நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போட்டு உடனே ஓடவிட்டால் இரைப்பை காற்றடைத்துத் திருகிக்கொள்ளலாம். வயிறு பானையாக உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் தவித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இரவென்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நோய் அது.

பைக் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். அம்பாசமுத்திரம் சாலையில் அதிகாலையில் போனால் பார்க்கலாம், பின் இருக்கையில் ஒருவர் சங்கிலியைப் பிடித்திருக்க, நாக்கு தொங்க ஒரு குட்டி தார்ச்சாலையில் ஓடிவரும். நாய் தன் வேகத்தில் ஓடவில்லை, வண்டியின் வேகத்தில் ஓடுகிறது. நிற்க வேண்டும் என்றாலும் நிற்க முடியாது. மூடாத தட்டுகளின் மேல் ஒரே மாதிரியான அதிர்ச்சி ஆயிரக்கணக்கில் விழுகிறது. நெஞ்சு அதனால் அகலாது, வயதால் அகலும். ஒன்றரை வயது வரை கட்டாய ஓட்டம் வேண்டாம். அதற்காகக் கூண்டில் அடைக்கவும் வேண்டாம். நார்வேயில் நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாகவும், மெத்தென்ற தரையில் அவிழ்த்துவிடப்பட்ட குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்தது தெரிந்தது.

உங்களுக்குத் தாமிரபரணி மணலே இருக்கிறது. காலையும் மாலையும் அங்கே கூட்டிப்போய் அவன் போக்கில் ஓடி, நின்று, மோந்து, உட்கார்ந்து வரட்டும். தண்ணீர் ஓட்டமில்லாத ஓரத்தில் நீந்தினால் மூட்டுக்கு நல்லது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்திருக்கும்போது வேண்டாம். வயலில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதற்கு எதிரான மருந்து அவனுக்குப் போட்ட தடுப்பூசியில் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட்டிருக்க வேண்டும், போடவில்லையென்றால் இந்த வாரமே. வீட்டுக்குள் பளபளக்கும் டைல்ஸ் தரை என்றால் அவன் நடமாடும் இடத்தில் நனைத்துப் பிழிந்த சாக்கை விரியுங்கள். பக்கத்தில்தானே பத்தமடை என்று பாய் வாங்கிப் போடாதீர்கள், அது டைல்ஸில் வழுக்கும், அதைவிட அவன் அதைக் குதறிவிட்டால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

நொண்டுதல் இந்த வயதில் பெரிய இனக் குட்டிகள் பலவற்றுக்கு ஒரு முறையாவது வரும். இன்றைக்கு முன்கால், அடுத்த வாரம் பின்கால் என்று மாறி மாறி நொண்டினால் பெரும்பாலும் வளரும் எலும்பின் அழற்சியாக இருக்கும். ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை வந்து வந்து போகும், ஓய்வில் தணியும். தோள்பட்டை மூட்டில் குருத்தெலும்பு பிளந்தால் ஒரே கால் விடாமல் நொண்டும். நம் ஊரில் மூன்றாவதாக ஒன்றையும் நினைக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல். மூட்டு வலி, சோர்வு, ஈறு வெளுப்பு இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நொண்டினால் எக்ஸ்-ரே எடுப்பதுதான் முறை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் மாவட்டத்துக்கு ஒரு வரம். வீட்டில் நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு நஞ்சு.

மூளை வளர்வது உடம்புக்குப் பின்னால்தான். இப்போது பல் மாறும் காலம், பால் பல் 28 விழுந்து 42 நிரந்தரப் பல் வரும். ஏழு மாதம் வரை செருப்பு, கதவு நிலை எதுவும் மிஞ்சாது. அதைவிடக் கடினமான காலம் எட்டாவது மாதம். கற்றுக்கொடுத்த எல்லாம் மறந்துபோனதுபோல் நடப்பான், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பிரிட்டனில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எட்டு மாத நாய்கள் புதியவர் சொல்வதைக் கேட்கின்றன, வளர்த்தவர் சொல்வதைத்தான் கேட்பதில்லை என்று காட்டியது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. அடிக்காமல், கயிற்றை விடாமல், பழைய பாடத்தையே திரும்ப நடத்துங்கள். ராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரை ஒட்டாத காவல் நாய். வீட்டுக்கு வரும் மனிதர்களையும் குழந்தைகளையும் இப்போதே அமைதியாகப் பழக்குங்கள். கோயில் கொடைக்கு வேட்டும் மேளமும் வருவதற்கு முன்பே தூரத்திலிருந்து சத்தத்தைக் கேட்கவிட்டுத் தின்பதற்கு ஏதாவது கொடுங்கள். கொடை நாளில் உள்ளறையில் வையுங்கள். முயலுக்கு விடலாம் என்று தோழர்கள் அழைத்தால் போகாதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் சேரும்.

கடைசிக் கேள்வி இனச்சேர்க்கை. ஒரு வயதில் அவனால் முடியும், ஆனால் விடக் கூடாது. எலும்பே மூடாத வயதில் இடுப்பு மூட்டு நன்றாக அமைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கும் எக்ஸ்-ரேயை இரண்டு வயதில் எடுப்பதுதான் நம்பகமானது. கருத்தடை செய்ய நினைத்தாலும் இப்போது வேண்டாம். வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு இன ஹார்மோன் வேண்டும், பெரிய இனங்களில் முன்கூட்டியே செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாகக் கலிஃபோர்னியாவில் கோல்டன் ரெட்ரீவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ராஜபாளையத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும். அவன் தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். எழுந்தால் ஒரு காதாவது கேட்கிறது. ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு காது கேட்காத கடுவனும் குட்டிகளுக்குச் செவிட்டைக் கொடுக்கலாம். பெட்டை வைத்திருக்கும் அந்த நண்பரிடம், இரண்டு வயதில் இடுப்பு எக்ஸ்-ரேயும் காதுச் சோதனையும் முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். அதே சோதனைகளை அவருடைய பெட்டைக்கும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.